சுழல்கம்பிச் சமையல்: இறைச்சித் தேர்வின் வரலாறு

சுழல்கம்பிச் சமையல் என்பது இறைச்சியை நீண்ட இரும்புக் கம்பியில் கோத்து, நெருப்பின் முன் இடைவிடாமல் சுழற்றி வாட்டும் முறை. வாட்டுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இதற்கு 'ரொட்டிசரி' என்ற பெயர் வந்தது. தமிழ்நாட்டுக் கடைவாசல்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகச் சுழலும் 'கிரில் சிக்கன்' இம்முறையில் வேகுவதே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுத் தோட்டத்தில் வைத்திருக்கும் கேஸ் கிரில் அடுப்பின் மேல், சிறு மோட்டாருடன் கூடிய கம்பியைப் பொருத்தி இதைச் செய்கிறார்கள்.

அப்படி முதன்முதலாகக் கம்பியை வாங்கிப் பொருத்துபவருக்கு எழும் முதல் கேள்வி, எந்த இறைச்சியைக் கோப்பது என்பதாகும். இன்று ஏறக்குறைய எல்லோரும் சொல்லும் விடை முழுக்கோழி. ஆனால் கோழி எல்லோருக்கும் உரிய எளிய விடையாக மாறி நூறு ஆண்டுகூட ஆகவில்லை. அதற்கு முந்தைய நீண்ட காலத்தில் கம்பிக்கு உகந்த இறைச்சி அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் வசதியான நகரத்தாருக்கும் மட்டுமே தாராளமாகக் கிடைத்தது. கம்பியில் எதைக் கோத்தார்கள் என்ற வரலாறு, யாருக்கு எந்த இறைச்சி கிடைத்தது என்ற வரலாறும் ஆகும்.

கம்பி கேட்கும் இறைச்சி

பானையில் வேகும் இறைச்சிக்கும் கம்பியில் வாடும் இறைச்சிக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதிகம் உழைத்த தசையில் இணைப்புத் திசு மிகுதி. அதிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் நீண்ட நேரம் ஈரச் சூட்டில் இருந்தால்தான் இளகும். வண்டி இழுத்த மாட்டின் காலும், முட்டையிட்டு ஓய்ந்த கோழியும் குழம்பில் மணிக்கணக்காகக் கொதித்தால் மெத்தென்று ஆகும். அதே இறைச்சியை நெருப்பின் முன் ஓரிரு மணி நேரம் சுழற்றினால் தோல் செருப்பைப் போல இறுகிவிடும்.

ஆகவே கம்பிக்கு இளம் விலங்கு வேண்டும், அல்லது விலங்கின் உடலில் அதிகம் உழைக்காத பகுதி வேண்டும். முதுகுத் தசை அத்தகையது. அடுத்து, கொழுப்பு வேண்டும். இறைச்சி சுழலும்போது உருகும் கொழுப்பு உடனே சொட்டிவிடாமல் மேற்பரப்பிலேயே உருண்டு ஓடி, தசை உலராமல் காக்கிறது. மூன்றாவது தேவை வடிவம். உருளை போன்று ஒரே பருமனாக இருக்கும் துண்டு எல்லாப் பக்கமும் ஒருசேர வேகும். ஒருபக்கம் கனத்திருந்தால் கனமான பக்கம் மேலே ஏறும்போது தயங்கும், இறங்கும்போது சட்டென்று விழும். அந்தத் தயக்கத்தில் ஒருபுறம் கருகும், மறுபுறம் பச்சையாக நிற்கும்.

கிரேக்கமும் கரிகாலன் விருந்தும்

ஹோமரின் 'இலியட்' காவியத்தின் ஒன்பதாம் பகுதியில் அக்கிலீஸ் தன்னைத் தேடி வந்த தூதர்களுக்கு விருந்து சமைக்கிறான். அவன் எடுக்கும் இறைச்சி செம்மறியின் முதுகு, கொழுத்த வெள்ளாட்டின் முதுகு, கொழுப்பு நிறைந்த பன்றியின் முதுகு ஆகியவை. அவற்றைத் துண்டாக்கிக் கம்பியில் கோத்து, தணலைப் பரப்பி, உப்புத் தூவி வாட்டுகிறான். மேலே சொன்ன தேவைகளில் மென்மையும் கொழுப்பும் அங்கேயே கவனிக்கப்பட்டுவிட்டன. துண்டுகள் சிறியவை என்பதால் வடிவத்தைப் பற்றிக் கவலை இல்லை.

கிரேக்கர் வாழ்வில் கம்பிக்கு இருந்த மதிப்பை அவர்களுடைய நாணயப் பெயர்களும் காட்டுகின்றன. 'ஒபோல்' என்ற சிறு நாணயத்தின் பெயர் கம்பியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆறு ஒபோல் சேர்ந்தது ஒரு 'திராக்மா'. அச்சொல்லுக்கு 'ஒரு கைப்பிடி' என்று பொருள். ஆர்கோஸ் நகருக்கு அருகிலுள்ள ஹீரா கோயிலில் காணிக்கையாக வைக்கப்பட்டிருந்த இரும்புக் கம்பிக் கட்டு அகழாய்வில் கிடைத்தது. அது இப்போது ஏதென்ஸ் நாணய அருங்காட்சியகத்தில் உள்ளது.

தமிழ் மாணவர்களுக்கு இவ்விடத்தில் பொருநராற்றுப்படை நினைவுக்கு வரும். கரிகாலன் அளித்த விருந்தில் செம்மறியின் பருத்த தொடை வேகவைத்துப் பரிமாறப்படுகிறது. கொழுத்த ஊன் துண்டுகளோ 'காழ்' எனப்படும் கம்பியில் சுடப்படுகின்றன. உழைத்த தொடைக்குப் பானை, கொழுத்த தசைக்குக் கம்பி என்ற இப்பிரிவு அக்கிலீஸின் கூடாரத்தில் கண்ட தேர்வோடு ஒத்துப்போகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. நெருப்பும் இறைச்சியும் எங்கும் ஒரே இயல்புடையவை.

பாரிஸ்: பெருவாத்து வாட்டுவோர்

இடைக்காலப் பாரிஸில் கம்பிச் சமையல் ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. அத்தொழிலாளர் 'ஓயே' எனப்பட்டனர். பெருவாத்தைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. அவர்கள் கடை வைத்திருந்த தெரு 'பெருவாத்துத் தெரு' எனப்பட்டது. பிற்காலத்தில் சொல் திரிந்து 'கரடித் தெரு' என்று ஆகி, அப்பெயரிலேயே இன்றும் பாரிஸில் இருக்கிறது. ஊர்ப் பெயர்கள் சிதைவது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

பெருவாத்தைத் தேர்ந்ததில் அனுபவ அறிவு தெரிகிறது. அதன் தோலுக்கு அடியில் கனத்த கொழுப்புப் படலம் உண்டு. உடல் இருபுறமும் சமமானது. கம்பியை உடலின் நீளவாக்கில் செருகினால் தடையின்றிச் சுழலும். சொட்டும் கொழுப்பைத் தட்டில் பிடித்துத் தனியாகவும் பயன்படுத்தலாம்.

ஒன்பதாம் லூயி மன்னன் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், பாரிஸ் தொழிற்குழுக்களின் விதிகளை எத்தியேன் புவாலோ என்ற அதிகாரி தொகுத்தார். நல்ல இறைச்சியை மட்டுமே சமைக்க வேண்டும் என்பதும், சமைத்ததை நாட்கணக்கில் வைத்திருந்து விற்கக் கூடாது என்பதும் சமையல்காரர்களுக்கான விதிகளில் அடங்கும். வீட்டில் பெரிய அடுப்போ விறகோ இல்லாத நகரத்தார் இக்கடைகளை நம்பியே வாட்டிய இறைச்சி உண்டனர். வாங்குபவர் பச்சை இறைச்சியைப் பார்ப்பதில்லை, வாட்டிய பின்னரே பார்க்கிறார். எனவே தேர்வு முழுவதும் விற்பவர் கையில் இருந்தது. விதிகள் கடுமையாக இருந்ததற்கு இதுவே காரணம் எனலாம். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1791-ல் தொழிற்குழுக்கள் ஒழிக்கப்பட்டன. 1950-ல் அக்குழுவின் நினைவாக ஒரு விருந்துச் சங்கம் பாரிஸில் தொடங்கப்பட்டு, இன்று பல நாடுகளில் கிளைகளுடன் இயங்குகிறது.

கொழுப்பில்லாத இறைச்சியைக் கம்பிக்கு ஏற்றதாக்கும் வழியையும் பிரெஞ்சுச் சமையல்காரர்கள் செம்மைப்படுத்தினர். மான், முயல், காட்டுப் பறவை ஆகியவற்றின் தசை மெலிந்தது. பன்றிக் கொழுப்பை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, தடித்த ஊசியால் அத்தசைக்குள் தைத்தார்கள். அல்லது கொழுப்புத் தகட்டைப் பறவையின் நெஞ்சின் மேல் போர்த்திக் கட்டினார்கள். இல்லாத கொழுப்பை இரவல் வாங்கிக் கொடுக்கும் உத்தி இது.

இங்கிலாந்து: கம்பியைச் சுற்றியவர்கள்

கம்பி தானாகச் சுழலாது. எட்டாம் ஹென்றியின் ஹாம்ப்டன் அரண்மனைச் சமையலறையில் பெரிய அடுப்புகளின் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்து கம்பியைச் சுற்றியவர்கள் கூலி ஆட்களும் சிறுவர்களும்தாம். ஒருபக்கம் நெருப்பு சுடும், மறுபக்கம் புகை. சமையலறைப் பணியாட்கள் ஆடையின்றித் திரியக் கூடாது என்று 1526-ஆம் ஆண்டின் அரண்மனை விதிகள் கூறுகின்றன. அந்த வெக்கையை அதிலிருந்தே ஊகிக்கலாம். அவர்கள் சுற்றிய இறைச்சியில் அவர்களுக்குக் கிடைத்தது மிகக் குறைவாகவே இருந்திருக்கும்.

பின்னர் இந்த வேலை நாய்களுக்குப் போயிற்று. கேம்பிரிட்ஜ் மருத்துவர் ஜான் கையஸ் 1570-ல் இலத்தீனில் வெளியிட்ட ஆங்கில நாய்கள் பற்றிய நூலில், சமையலறைச் சக்கரத்தில் நடந்து கம்பியைச் சுழற்றும் நாயைக் குறிப்பிடுகிறார். நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட இந்நாயைச் சுவரில் பொருத்திய மரச் சக்கரத்துக்குள் விடுவார்கள். அது நடக்க நடக்கச் சக்கரம் சுழலும், சக்கரத்தோடு பிணைத்த கம்பியும் சுழலும். இயந்திரங்கள் பரவியதும் இந்த நாயினம் அற்றுப்போயிற்று. பாடம் செய்யப்பட்ட ஒரு நாயை வேல்ஸில் உள்ள ஆபர்கவென்னி அருங்காட்சியகத்தில் காணலாம்.

இயந்திர முயற்சிகள் முன்பே தொடங்கியிருந்தன. புகைபோக்கியில் மேலெழும் வெப்பக் காற்றால் சுழலும் விசிறியைக் கொண்டு கம்பியைத் திருப்பும் பொறியை லியோனார்டோ டா வின்சி வரைந்திருக்கிறார். நெருப்பு வலுத்தால் கம்பி விரைந்து சுழலும், தணிந்தால் மெதுவாகும். கடிகாரம் போல எடைக்கல் இறங்கி இயக்கும் பொறிகளும் இங்கிலாந்தில் பரவின. சிறுவனானாலும் நாயானாலும் கடிகாரப் பொறியானாலும் ஒருபக்கம் கனத்த இறைச்சி தொல்லையே. ஆகவே வடிவம் பற்றிய அக்கறை வளர்ந்தது.

ஆங்கிலேயரின் பெருவிருந்துத் துண்டுகளைப் பார்த்தால் இது விளங்கும். 'பேரன்' எனப்பட்ட மாட்டிறைச்சித் துண்டு, முதுகெலும்பை நடுவில் பிளக்காமல் இருபுற இடுப்புத் தசைகளையும் சேர்த்து வெட்டியது. ஆட்டின் 'சேணம்' எனப்பட்ட துண்டும் அவ்வாறே. நடுவில் எலும்பு, இருபுறமும் சம எடை. விருந்தின் ஆடம்பரத்துக்கும் கம்பியின் சமநிலைக்கும் ஒரே வெட்டு உதவியது. அவ்வாறு அமையாத துண்டுகளுக்காக, தலையில் ஈயக் குண்டு வைத்த குத்தூசிகள் இருந்தன. இலேசான பக்கத்தில் அவற்றைச் செருகி எடையைச் சரிசெய்தார்கள். 1817-ல் வெளிவந்த வில்லியம் கிச்சினரின் சமையல் நூல் இவற்றைப் பேசுகிறது. இன்று கேஸ் கிரில் கம்பிகளோடு தனியாக விற்கப்படும் எதிர் எடை இந்த ஈயக் குண்டின் வாரிசுதான்.

ஹன்னா கிளாஸ் என்பவர் 1747-ல் எழுதிய சமையல் நூல் சாதாரண வீட்டுப் பணிப்பெண்களும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற நோக்கம் கொண்டது. அவர் சொல்லும் கணக்கு: 10 பவுண்டு மாட்டிறைச்சி, அதாவது சுமார் நாலரைக் கிலோ, நல்ல நெருப்பில் ஒன்றரை மணி நேரத்தில் ஆகும். 20 பவுண்டுத் துண்டு தடிமனாக இருந்தால் 3 மணி நேரம், மெல்லியதாக இருந்தால் இரண்டரை மணி நேரம். எடை ஒன்றாக இருந்தாலும் தடிமன் நேரத்தை மாற்றும் என்பதை அவர் கவனித்திருக்கிறார். இன்றும் முதன்முறை சமைப்பவர்கள் எடையை மட்டும் பார்த்து நேரம் குறித்துக்கொள்வதைக் காண்கிறோம்.

இந்தக் கணக்குகளெல்லாம் வசதியுள்ள வீடுகளுக்கே உரியவை. ஏழை வீட்டில் சிறிது உப்புப் பன்றி இறைச்சியும் காய்கறியும் தானியமும் ஒரே பானையில் கொதித்தன. கம்பியில் வாட்டுவதற்குப் பெரிய துண்டு இறைச்சி வேண்டும், விறகோ நிலக்கரியோ நிறைய வேண்டும், கம்பியைச் சுற்ற ஒருவர் வேண்டும். இம்மூன்றும் இருந்த வீடு செல்வர் வீடு. பானையில் கொழுப்பும் சாறும் வீணாகாமல் குழம்பிலேயே தங்குவதால் ஏழைகளின் முறை சிக்கனமானதும்கூட.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரம்ஃபோர்டு பிரபு என அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சன், திறந்த நெருப்பில் வெப்பம் பெருமளவு வீணாவதைக் கண்டு, மூடிய இரும்பு உருளைக்குள் இறைச்சியை வேகவைக்கும் அடுப்பை உருவாக்கினார். 19ஆம் நூற்றாண்டில் மூடிய அடுப்பு வீடுகளில் நிலைபெற்றதும் கம்பி மெல்ல மறைந்தது. 'ரோஸ்ட்' என்ற பெயர் மட்டும் அடுப்புக்குள் போயிற்று. இன்று அடுப்பில் சுடுவதையே அந்தப் பெயரால் அழைக்கிறோம்.

கம்பியை நிமிர்த்தியவர்கள்

உதுமானியத் துருக்கியில் இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வு கிடைத்தது. அங்கே கம்பி செங்குத்தாக நிறுத்தப்பட்டது. ஜேம்ஸ் ராபர்ட்சன் 1855-ல் எடுத்த ஒளிப்படம் ஒன்றில் இத்தகைய 'டோனர்' கம்பியைக் காண முடிகிறது. 1860களில் புர்சா நகரின் இஸ்கெந்தர் எஃபெந்தி இதைப் புகழ்பெறச் செய்தார்.

செங்குத்துக் கம்பியில் பெரிய முழுத் துண்டு தேவையில்லை. மெல்லிய தகடுகளாக நறுக்கிய இறைச்சியை அடுக்கி, இடையிடையே செம்மறியின் வால் கொழுப்பை வைக்கிறார்கள். மேலே உருகும் கொழுப்பு கீழ்வரை வழிகிறது. அடுக்கும் கைதான் உருளை வடிவத்தை உண்டாக்குகிறது. வெந்த மேற்பரப்பை மட்டும் சீவி எடுப்பதால் உள்ளே வேகவில்லையே என்ற கவலையும் இல்லை. வடிவம், கொழுப்பு, மென்மை ஆகிய மூன்றையும் விலங்கிலிருந்து எதிர்பார்க்காமல் சமையல்காரரே செய்துகொள்ளும் வழி இது. அரபு நாடுகளில் இது ஷவர்மா ஆயிற்று. லெபனான் பகுதியிலிருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுசென்ற கம்பியில் ஆட்டிறைச்சிக்குப் பதில் பன்றி இறைச்சி ஏறியது.

கோழி வந்த வழி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அமெரிக்காவில் கோழி முட்டைக்காக வளர்க்கப்பட்டது. இறைச்சிக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மிகுதியான சேவல் குஞ்சுகளும் முட்டையிட்டு ஓய்ந்த பெட்டைகளும். முதலாவது குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் கிடைக்கும், விலையும் அதிகம். இரண்டாவது பானைக்கே ஏற்றது.

1923-ல் டெலவேர் மாநிலத்தில் சீலியா ஸ்டீல் என்ற பெண்மணி முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டிருந்தார். தவறுதலாக 500 குஞ்சுகள் வந்துசேர்ந்தன. அவர் திருப்பி அனுப்பாமல் கொட்டகை போட்டு வளர்த்து, இளம் பருவத்திலேயே இறைச்சிக்கு விற்றார். நல்ல இலாபம் கிடைத்தது. அண்டை அயலார் பின்பற்றினர். இறைச்சிக்கென்றே இளங்கோழி வளர்க்கும் தொழில் அப்பகுதியில் இவ்வாறு வேரூன்றியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 'நாளைய கோழி' என்ற போட்டி நாடு முழுவதும் நடத்தப்பட்டது. நெஞ்சு அகன்று, விரைந்து வளர்ந்து, குறைந்த தீவனத்தில் நிறைய இறைச்சி தரும் இனத்தை உருவாக்குவது நோக்கம். 1948-ல் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் கலிபோர்னியாவின் சார்ல்ஸ் வான்ட்ரெஸ் உருவாக்கிய கலப்பினம் வென்றது. இன்றைய பிராய்லர் கோழியின் முன்னோர்களில் அவ்வினத்துக்கு முக்கிய இடம் உண்டு. இளமை, தோலோடு ஒட்டிய கொழுப்பு, உருண்டு திரண்ட வடிவம் என்று கம்பி கேட்டதெல்லாம் ஒரே பறவையில், ஆண்டு முழுவதும், மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. கம்பி நாயகனைத் தேடிய நெடுங்காலத் தேடல் இங்கே முடிந்தது எனலாம். கோழி அடைத்து வளர்க்கப்படும் முறை பற்றிய கண்டனங்களும் இதே வரலாற்றின் பகுதியே.

ஏறத்தாழ அதே காலத்தில், 1950-ல், பெருவின் லிமா நகருக்கு அருகே சாந்தா கிளாரா என்ற இடத்தில் ரோஜர் ஷூலர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் தம் பண்ணைக் கோழிகளைக் கரி நெருப்பில் வாட்டி விற்றார். அவருக்காக பிரான்ஸ் உல்ரிக் என்பவர் பல கம்பிகள் ஒன்றாகச் சுற்றிவரும் பொறியைச் செய்துகொடுத்தார். முதலில் வசதியானவர்கள் உண்ட இக்கோழி பின்னர் எல்லோருக்கும் பொதுவானது. பெரு அரசு 2004-ல் இதைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. அமெரிக்காவில் 1985-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டனில் தொடங்கிய 'பாஸ்டன் சிக்கன்' கடை, சுழல்கம்பிக் கோழியை வேலை முடிந்து வீடு திரும்புவோரின் இரவு உணவாக்கியது. 'காஸ்ட்கோ' என்ற பேரங்காடி 4.99 டாலர் விலையில் ஆண்டுக்குப் பத்துக் கோடிக்கும் மேல் விற்கிறது. கம்பிக்கு ஏற்ற அளவுள்ள கோழி தடையின்றிக் கிடைப்பதற்காகவே நெப்ராஸ்கா மாநிலத்தில் 2019-ல் ஒரு பெரிய கோழி ஆலையையும் அது தொடங்கியது.

கேஸ் கிரில்லில் முதல் தேர்வு

1960களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த கேஸ் கிரில், மோட்டார் கம்பியோடு சேர்ந்ததும் பழைய அரண்மனை அடுப்பின் வேலையை ஒரு சிறு வீட்டின் கொல்லைக்குக் கொண்டுவந்தது. பல கிரில்களில் பின்பக்கத்தில் அகச்சிவப்புக் கதிர் அடுப்பு இருக்கும். அது நெருப்பின் முன் இறைச்சியைச் சுழற்றிய பழைய அமைப்பை ஒத்தது. அது இல்லாதபோது இறைச்சிக்கு நேர் கீழே உள்ள அடுப்பை அணைத்து, இருபுற அடுப்புகளை மட்டும் எரிய விடுவார்கள். கீழே ஒரு தட்டு வைக்காவிட்டால் சொட்டும் கொழுப்பு தீப்பிடிக்கும். பழங்காலத்தில் சொட்டுத் தட்டு நெருப்புக்கு முன்னால் இருந்ததேயன்றி நெருப்பின் மேல் இருந்ததில்லை. 

முதல் முயற்சிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரையுள்ள முழுக்கோழி ஏற்றது. இறக்கையையும் காலையும் நூலால் உடலோடு இறுகக் கட்டுவது அவசியம். இல்லையென்றால் அவை தொங்கி அடித்துக்கொண்டு முதலில் கருகும், எடையும் மாறும். சுமார் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிடும். கோழியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் விதி. தொடையின் உள்ளே, எலும்பில் படாமல் வெப்பமானியைச் செருகிப் பார்க்கலாம்.

இரண்டாவது முயற்சிக்கு எலும்பு நீக்கிச் சுருட்டி நூலால் கட்டிய பன்றி முதுகுத் தசையோ, அவ்வாறே கட்டிய செம்மறித் தொடையோ பொருத்தமானது. எலும்போடு கூடிய தொடை ஒருபுறம் பருத்தும் மறுபுறம் மெலிந்தும் இருப்பதால் எதிர் எடை இல்லாமல் சுழலாது. பன்றி முதுகில் மேல்கொழுப்பை வெட்டி எறியாத துண்டைக் கேட்டு வாங்க வேண்டும். பெருவாத்து கொழுப்பு மிகுந்தது என்பதால் கேஸ் கிரில்லில் தீப்பிடிக்கும் ஆபத்து அதிகம். பாரிஸின் பழைய தொழிலாளருக்கு எளிதாக இருந்த பறவை இங்கே கைதேர்ந்தவர்களுக்கு உரியதாகிவிட்டது.

மாட்டின் நெஞ்சுக்கறியும் முன்காலும் பானைக்கோ புகையடுப்புக்கோ போக வேண்டியவை. மாட்டு விலாத் துண்டு கம்பிக்கு மிகவும் உகந்தது. ஆனால் விலை அதிகம், பத்து நிமிடம் கூடினாலும் பதம் கெடும். அதனால் கம்பியின் போக்கும் தன் அடுப்பின் சூடும் கைக்குப் பழகிய பின்னரே அதை வாங்குவார்கள். வாங்குவதற்கு முன் கிரில்லின் மூடி மூடும் அளவையும், மோட்டார் தாங்கும் எடையையும் பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டும் கருவியோடு வரும் குறிப்பேட்டில் அச்சிடப்பட்டிருக்கும்.